மூன்றாவது ஃபிலிமில் இருந்த வளையம்

செத்துப்போனவர்களுக்குச் சேலை கட்டிவிடுவது என் பிழைப்பாக இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காரைக்குடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் கலர் போடும் வேலை எனக்கு. வீட்டில் ஒருவர் போய்விட்டால், பெட்டியடியில் கிடந்த பழைய படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். பதினாறாம் நாளுக்குள் அதைப் பெரிதாக்கி, கலர் போட்டு, சட்டம் அடித்துக் கொடுக்க வேண்டும். "சேலை என்ன நிறம்?" என்று கேட்பேன். மகள் அரக்கு என்பாள், மருமகள் பச்சை என்பாள். யார் குரல் ஓங்குகிறதோ அந்த நிறத்தைப் போடுவேன். மறுப்புச் சொல்லச் செத்தவர் வரவா போகிறார்?

அதற்கு முன் நான் நகை வேலை பார்த்தேன். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த வருஷம் எங்கள் பட்டறையில் அடுப்பு அணைந்தது. கையில் இருந்த வேலை மட்டும் மிச்சம். அதை வைத்துத்தான் நெகட்டிவைச் செப்பனிடக் கற்றுக்கொண்டேன். அம்மைத் தழும்பைப் பென்சிலால் மறைப்பது, கறையைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பது என்று எல்லாம் பழகியது. ராமநாதபுரம் ஜில்லாவிலேயே என்னைப்போல் சுத்தமாகச் சுரண்டுகிற ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

சார் ஸ்டூடியோவுக்கு வந்தது அவருடைய அம்மாவின் படத்தோடு. கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூடத்தில் அவர் டெமான்ஸ்ட்ரேட்டர். நாச்சியாபுரத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். என் வயதுதான் இருக்கும். எல்லோரும் சார் என்றதால் நானும் சார் என்றேன். நான் தங்கத்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தும் அவர் கடைசிவரை என்னைப் பத்தரே என்றுதான் கூப்பிட்டார்.

"அம்மாவுக்குச் சேலை என்ன நிறம் சார்?"

"ஞாபகம் இல்லையே பத்தரே."

"சும்மா ஒண்ணைச் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன்."

"ஞாபகம் இல்லாததை எப்படிப் போடுவீக? அது நிறமில்ல, ஆசை. கருப்பு வெள்ளையாவே குடுத்துருங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெரிய அரிச்சந்திரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படத்தை முடித்துக் கொடுத்தேன். ஆனால் அடுத்த மாதமே திரும்ப வந்தார். எங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பித்தளை லென்ஸைக் கேட்டார். அந்தக் காலத்தில் குடும்பப் படம் எடுக்க வெளிநாட்டிலிருந்து தருவித்தது, தண்ணீர் நிறைந்த ஒரு செம்பின் கனம் இருக்கும். முதலாளி அதைப் பழைய பித்தளைக்குப் போட யோசித்துக்கொண்டிருந்தார், அதனால் கேட்டதும் இரவலாகத் தந்துவிட்டார். எதற்கு என்று நான் விசாரித்தேன்.

கும்ப ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரம் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். தன் மேல் போர்வையையெல்லாம் உதறித் தள்ளிவிட்டதாம். அந்தப் புகை அதைச் சுற்றி விரிந்து நிற்கிறதாம். கிரக நெபுலா என்று பெயர். "கிரகத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆதியில பாத்தவுகளுக்குக் கிரகம் மாதிரி உருண்டையாத் தெரிஞ்சிருக்கு, பேர் வச்சுட்டாக." கண்ணால் பார்த்தால் வெறும் சாம்பல் திட்டு. ஆனால் அதில் நிறம் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் இருட்டில் நிறம் பிடிபடாது. ஃபிலிமுக்குப் பிடிபடும், மணிக்கணக்கில் திறந்து வைத்தால்.

"கலர் ஃபிலிம் வாங்கிப்போட்டா ஆச்சு" என்றேன்.

அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் கலர் ஃபிலிமில் நிறமே மாறிப்போகும் என்றார். அவர் வைத்திருந்த வழி வேறு. கருப்பு வெள்ளை கட் ஃபிலிம் மூன்று, சுருளாக இல்லாமல் தனித்தனித் தகடாக வருவது. ஒன்றை நீலத் தாள் வழியாக, ஒன்றைப் பச்சைத் தாள் வழியாக, ஒன்றைச் சிவப்புத் தாள் வழியாக எடுப்பது. பிறகு மூன்றையும் அதே நிற வெளிச்சத்தில் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தால், உள்ள நிறம் உள்ளபடி வரும். யாரும் பிரஷ் எடுக்க வேண்டியதில்லை. கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்தக் கிறுக்குக்கு என்ன அவசரம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்டூடியோவில் அவருக்கு வலப்பக்கம் வைத்த டீ கிளாஸை மூன்று முறை தட்டிவிட்டார். மூன்றாம் முறை நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குள் நீரழுத்தம் என்றார். மதுரையில் காட்டியாகிவிட்டது. பக்கங்கள் போய்விட்டன, நடு மட்டும் ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் இருக்கிறது, அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. ரெண்டு வருஷம் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருந்தார்.

"அது போறதுக்குள்ள, ஒருத்தர் கையும் படாத நிறம் ஒண்ணைப் பாத்துறணும் பத்தரே. வேற ஒரு ஆசையும் இல்ல."

அன்றைக்கு நான் சரி என்று சொன்னது லென்ஸுக்காகவோ நட்சத்திரத்துக்காகவோ இல்லை. டீ கிளாஸுக்காக.

நிறத்தாள்களைக் குன்றக்குடித் திருவிழா நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவரிடம் வாங்கினோம். மேடையில் தேவலோகத்துக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, சண்டைக்குச் சிவப்பு என்று விளக்குக்கு முன் பிடிக்கிற தாள்கள்தான். சார் அவற்றைக் கல்லூரிக்கு எடுத்துப்போய் முப்பட்டகக் கண்ணாடி வைத்துச் சோதித்தார். நீலமும் பச்சையும் தேறின. சிவப்பு தேறவில்லை, அதன் வழியே கொஞ்சம் நீலமும் கசிந்தது. நல்ல சிவப்புக் கிடைக்க அடுத்த திருவிழாவரை காத்திருந்தோம்.

சாரின் தோட்டத்தில் மோட்டார் ரூம் மேல், அந்த லென்ஸைப் பொருத்திய காமிரா நின்றது. லேத் பட்டறையில் கடைந்த இரும்பு அச்சு, அதைத் திருப்ப ஒரு திருகு. வானம் நகர நகர, கூடவே திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் சர்வேக்காரர்களின் பழைய தொலைநோக்கி ஒன்றைக் கட்டியிருந்தார். அதில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பிமேல் நிறுத்தி, அது விலகாமல் திருகுவது அவர் வேலை. "எனக்கு இருக்கிறதே குழாய்க் கண்ணுதான், இந்தக் குழாய்க்கு அது போதும்" என்பார். அவர் மனைவி கீழே கடிகாரம் வைத்துக்கொண்டு நேரம் சொல்வார். முதல் வருஷம் ஒன்றும் உருப்படவில்லை. மேகம் வந்தது, பனி லென்ஸில் படிந்தது, ஒருமுறை மயில் ஒன்று வந்து அச்சின்மேல் உட்கார்ந்தது.

இரண்டாம் வருஷம் ஆவணியில் நீலமும் பச்சையும் விழுந்தன. கழுவுவது என் பொறுப்பு. சின்ன வெளிச்சம்கூட ஆகாத ஃபிலிம், கும்மிருட்டில் மனதுக்குள் எண்ணிக்கொண்டே கழுவினேன். நீலத்தைக் காயவைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, நடுவில் கடுகை விடச் சின்னதாக ஒரு உருண்டைத் திட்டு. சுற்றிலும் கரும்புள்ளிகள். பழக்கதோஷத்தில் ஓரத்துப் புள்ளிகள் இரண்டைச் சுரண்டிவிட்டேன்.

சார் பார்த்துவிட்டு என் கத்தியை எடுத்துத் தள்ளி வைத்தார். "அது தூசியில்ல பத்தரே, நட்சத்திரம். போனாப் போகுது, ரெண்டுதானே. இனிமே எதையும் தொடாதீக."

பச்சையை நான் தொடவில்லை. அதிலும் அதே உருண்டை, அதே இடம்.

சிவப்பு மட்டும் பாக்கி. புரட்டாசி அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வானம் விட்டது. ரெண்டரை மணி நேரம் திறந்து வைத்தோம். முடிந்து இறங்கும்போது சாருக்கு ஏணிப்படி தெரியவில்லை. ஒவ்வொரு படிக்கும் அவர் காலைப் பிடித்து நான்தான் வைத்தேன். மேற்கே மின்னல் வெட்டியது. ஐப்பசி பிறந்தால் மழை, அதற்கப்புறம் கும்ப ராசி நம் கைக்கு வராது, அடுத்த ஆவணிக்கு அவருக்குக் கண் இருக்காது. மூன்று பேருக்கும் இது தெரியும்.

மறுநாள் காலையில் கழுவினேன். ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுக்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் ஃபிலிமைச் சரியாக ஒற்றி எடுக்காமல் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து சாய்மேசையில், அடியில் இருக்கும் கண்ணாடி காட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நட்சத்திரங்களெல்லாம் நீலத்தில் இருந்தபடியே இருந்தன. ஆனால் நடுவில் அந்த உருண்டை இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வளையம். உள்ளே வெறுமை.

இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். நெகட்டிவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்று காய்ந்தால் இப்படித்தான் வளையமாகக் கறை விழும். நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன், ஆயிரமும் எடுத்திருக்கிறேன். ஒற்றாமல் மாட்டியது நான். இத்தனை பெரிய ஃபிலிமில் அந்தச் சொட்டு அந்த உருண்டையின் தலைமேலேயே போய் உட்கார்ந்துவிட்டதே என்று நொந்துகொண்டேன். திரும்பத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், போகவில்லை. போகாத கறையும் உண்டு. எதையும் தொடாதீக என்று அவர் சொன்னது நட்சத்திரங்களைத்தானே, கறையை இல்லையே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அவர் வருவதற்குள் என் தப்பை நானே சரிசெய்துவிட வேண்டும். கறைக்கு அடியில் உருண்டை பத்திரமாக இருக்கும்.

கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சை அடக்கி, லென்ஸ் வைத்து, பொடிப் பொடியாகச் சுரண்டினேன். என் ஆயுளில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை நான் செய்ததில்லை. வளையம் போனது. கீழே உருண்டை இல்லை. வெறும் ஃபிலிம் இருந்தது.

வெளிச்சம் குறைவோ என்று கண்ணாடியைத் திருப்பினேன். நீல ஃபிலிமைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் சார் கதவைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே கேட்டார்.

"வளையமா வந்திருக்கா பத்தரே?"

கத்தியை மேசைத் துணிக்கு அடியில் தள்ளினேன்.

"நேத்து தூக்கமே இல்ல. யோசிச்சுப் பாத்தேன். சூடு உள்ளுக்குள்ள அதிகம், நீலமும் பச்சையும் உள்ள நிறைஞ்சு நிக்கும். சிவப்பு ஓரத்துல ஒதுங்கி வளையமாத்தான் நிக்கணும். நடுவுல வெறுமையா இருக்கணும். அப்படித்தானே இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கு" என்றேன்.

அது பொய்யும் இல்லை. மத்தியானம் அப்படித்தான் இருந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. பார்க்கக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே செத்திருப்பேன். ஆனால் கடுகளவு விஷயத்தை ஃபிலிமில் பார்க்க அவர் கண் இப்போது உதவாது, சுவரில் பெரிதாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு வாரம் தவணை கேட்டேன். அன்று முதல் மழை பெய்தது.

அந்த வாரத்தில் இரண்டு தடவை நாச்சியாபுரத்துக்குப் பஸ் ஏறினேன், சொல்லிவிடலாம் என்று. முதல் தடவை அவர் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தி, "அண்ணே, மூணு வேளையும் அந்தப் பேச்சுத்தான். நேத்து கண்ணுக்கு மருந்து விட மறந்துட்டாக, அம்புட்டு சந்தோஷம்" என்றார். இரண்டாம் தடவை வழியில் குன்றக்குடியிலேயே இறங்கி, கோயில் மலை ஏறாமல் அடிவாரத்திலேயே நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நான் கோழை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு பென்சிலை எடுத்தேன். சுரண்டிய இடத்தில் பென்சில் பிடிப்பதற்கான மருந்து தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வளையத்தைத் திரும்ப வைத்தேன். அன்று மத்தியானம் பார்த்தது ஞாபகத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் வளையம் சரியாகச் சேராமல், இரண்டு முனையும் ஒன்றையொன்று தாண்டி விலகி நின்றதுபோல ஒரு நினைவு. பார்த்தபோது அதைக் கறையின் கோணல் என்றுதான் எண்ணியிருந்தேன். இப்போது அது நிஜமா, என் நினைப்பா என்று தெரியவில்லை. பற்றவைக்காத வளையலைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. கை தானாக மூடிவிட்டது. அச்சு மாதிரி ஒரு வட்டம்.

மூன்று நெகட்டிவையும் பெரிதாக்கி ஸ்லைடாக்கினேன். விளக்குப் பெட்டிகள் மூன்று வேண்டும். கல்லூரியில் ஒன்று கிடைத்தது. சினிமாக் கொட்டகையில் விளம்பர ஸ்லைடு போடுவது ஒன்று. மூன்றாவதுக்கு, படம் பெரிதாக்கும் எங்கள் என்லார்ஜரையே படுக்கவைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்டூடியோ ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, பழைய சுண்ணாம்புச் சுவரில் முதலில் நீலத்தை விழவைத்தோம். அதன்மேல் பச்சை. நடுவில் ஒரு நீலப்பச்சைத் திரள் தெரிந்தது. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொண்டு, கடைசியாகச் சிவப்பு விளக்கைத் திறந்தேன். திரளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் வந்து நின்றது. நட்சத்திரங்கள் வெள்ளையாயின.

சார் சுவருக்கு அருகில் நின்றிருந்தார். அவருடைய குழாய்க் கண்ணுக்குள் அது அடங்கவில்லை. மெல்லப் பின்னால் நடந்தார். மனைவி தோளைப் பிடித்து வழிநடத்த, நாற்காலியைத் தாண்டி, பின்சுவரில் முதுகு முட்டும்வரை போனார். அங்கேதான் முழு வளையமும் அவர் பார்வைக்குள் வந்தது. நெடுநேரம் அப்படியே நின்றார்.

"நெசமாவே இப்படித்தான் இருக்குமா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"இதுல ஒரு கை படலை" என்றார் சார். "அம்புட்டும் அதோட நிறம்."

நான் என்லார்ஜர் சூடாகிவிட்டது என்று சொல்லி வெளியே போய் நின்றேன். அழுதேன். அவருக்காகவா, எனக்காகவா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திரும்ப உள்ளே போனபோது, "இன்னும் கொஞ்ச நேரம் பத்தரே" என்றார். விளக்கின் சூட்டில் சிவப்புத் தாள் சுருங்கும்வரை பார்த்தார்.

மாசியில் அவருக்குப் பார்வை முழுதாகப் போயிற்று. கல்லூரியில் இரக்கப்பட்டு, வகுப்பில் வாய்ப்பாடம் சொல்லும் வேலை கொடுத்தார்கள். பாடம் சொல்வதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்த நெபுலாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவாராம். மூடிய வட்டம்.

நான் மாதம் ஒருமுறை போய் அவரைப் பார்த்துவந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், நெல் விலை பேசிவிட்டு வருவேன். கலர் ஃபிலிம் எல்லா இடத்திலும் வந்து, சேலை நிறம் கேட்கிற வேலையும் குறைந்தது. எழுபதுகள் முடிகிற சமயம், கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அந்த நெபுலாவின் கலர் படம் வந்திருப்பதாகச் சாரே சொல்லி அனுப்பினார், பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று. எங்கோ மலைமேல் பெரிய தொலைநோக்கியில் எடுத்தது.

பக்கத்தைத் திருப்பினேன். நீலப்பச்சை நடு. சிவப்பு ஓரம். நிறத்தில் நாங்கள் தப்பவில்லை. ஆனால் வளையம் மூடவில்லை. ஒரு பக்கத்தில் இரண்டு முனையும் சேராமல், ஒன்றையொன்று தாண்டி விலகி நின்றன. அன்றைக்கு என் மேசைமேல் இருந்தது போலவே. அந்தப் பித்தளை லென்ஸும் நாடகத் தாளும் சாரின் குழாய்க் கண்ணும் சேர்ந்து அதைச் சரியாகப் பிடித்திருந்தன. நான் அதைச் சுரண்டிவிட்டு, அதன் இடத்தில் ஒரு நகையைச் செய்து வைத்திருந்தேன்.

அன்றே நாச்சியாபுரம் போனேன். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, "நம்ம படம் மாதிரித்தானே இருக்கு?" என்றார்.

"நிறம் அப்படியே இருக்கு சார்."

"வளையம்?"

அவர் உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார். "வரைஞ்சு காட்டுங்க பத்தரே."

இதுதான் நேரம் என்று நினைத்தேன். வாயால் வராததை விரலாவது சொல்லட்டும். அவர் உள்ளங்கையில் என் விரலை வைத்து, பத்திரிகையில் பார்த்தபடியே மெதுவாக இழுத்தேன். ஆரம்பித்த இடத்தில் சேராமல், அதைத் தாண்டி வெளியே கொண்டுபோய் நிறுத்தினேன்.

சார் சிரித்தார். என் விரலைப் பிடித்துத் தூக்கி, ஆரம்பித்த இடத்தில் திரும்ப வைத்தார்.

"வயசாயிருச்சு பத்தரே, கை நடுங்குது பாருங்க. அது அப்படி இல்ல. முழுசா மூடும். நான் கண்ணால பாத்தேன்ல" என்று சொல்லி, என் விரலைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, தன் உள்ளங்கையில் அந்த வட்டத்தை முழுதாக மூடினார்.